கரண்ட் போய் வந்தபின் டெஸ்க்டாப் ஆன் ஆகவில்லை: எஸ்எம்பிஎஸ்ஸா, மதர்போர்டா?

அச்சுக்கூடம்:
வணக்கம். மதுரையில் சின்னதாக ஒரு டிடிபி கடை வைத்திருக்கிறேன். நேற்று மதியம் கரண்ட் போனது. பழைய யுபிஎஸ், பேட்டரி தாங்கவில்லை, கம்ப்யூட்டர் அப்படியே அணைந்துவிட்டது. கரண்ட் வந்ததும் பட்டனை அழுத்தினால் ஒன்றுமே இல்லை. ஃபேன் அசையவில்லை, பீப் இல்லை, முன்பக்க விளக்கும் எரியவில்லை.

சர்வீஸ் கடைக்கு எடுத்துப் போனேன். அவர் கம்ப்யூட்டருக்கு மின்சாரம் தரும் டப்பாவான எஸ்எம்பிஎஸ்ஸைக் கழற்றி, பெரிய கனெக்டரில் பச்சை வயரையும் கருப்பு வயரையும் ஒரு கம்பித் துண்டால் இணைத்தார். ஃபேன் சுற்றியது. "எஸ்எம்பிஎஸ் நல்லா இருக்கு, போர்டு போயிடுச்சு" என்றார். நான்காம் தலைமுறை ஐ3, எச்81 போர்டு. இந்த ரகம் இப்போது புதிதாகக் கிடைக்காது, போர்டு, பிராசசர், ராம் மூன்றையும் சேர்த்து மாற்ற வேண்டும், பதினெட்டாயிரம் ஆகும் என்கிறார். முகூர்த்த சீசன், பத்திரிகை ஃபைல் எல்லாம் உள்ளே இருக்கிறது. அவர் சொல்வதை நம்பிக் காசு கொடுக்கலாமா?

மின்மினி:
முதலில் போர்டில் இருக்கும் பட்டன் பேட்டரியை மாற்றிப் பாருங்கள் அண்ணா, சிஆர்2032. ராமைக் கழற்றி, ரப்பரால் தேய்த்துத் திரும்பப் போடுங்கள். என் கம்ப்யூட்டர் இப்படித்தான் சரியானது.

ஈயப்பற்று:
தம்பி மின்மினி, ராமைத் தேய்ப்பது வேறு நோய்க்கு மருந்து. ஃபேன் சுற்றுகிறது, திரையில் ஒன்றும் வரவில்லை என்றால் ராம், டிஸ்ப்ளே கார்டு பக்கம் போகலாம். இங்கே ஃபேனே அசையவில்லை. ராம் இல்லாமலேயே ஒரு நல்ல போர்டு ஃபேனைச் சுற்றவிடும். சிலது பீப் அடித்துத் திட்டும், சிலது கொஞ்ச நேரத்தில் அணைந்து அணைந்து எழும். ஆனால் கல் மாதிரி கிடக்காது. பேட்டரியும் பெரும்பாலும் இதற்குக் காரணம் இல்லை. அது செத்தால் தேதி, நேரம், பயாஸ் அமைப்பு மறந்து போகும், அவ்வளவுதான். பேட்டரி முழுதாகக் காலியானால் எழ மறுக்கும் சில போர்டுகளும் உண்டு என்பதால் தள்ளிவிடவில்லை. ஆனால் அங்கிருந்து தொடங்க மாட்டேன்.

அச்சுக்கூடம் சார், இரண்டு கேள்வி. ஒன்று, இப்போது வயரை நேராகச் சுவர் பிளக்கில் சொருகிப் பார்த்தீர்களா, இல்லை இன்னும் அதே யுபிஎஸ் வழியாகத்தானா? இரண்டு, கடையை மூடும்போது மெயின் சுவிட்சை அணைப்பீர்களா, இல்லை கம்ப்யூட்டரை ஷட்டவுன் மட்டும் செய்வீர்களா? இரண்டாவது கேள்விக்கு யோசித்துப் பதில் சொல்லுங்கள், அதில் விஷயம் இருக்கிறது.

அச்சுக்கூடம்:
சுவர் பிளக்கிலும் போட்டுப் பார்த்தேன். அதே பிளக்கில் ஃபோன் சார்ஜர் வேலை செய்கிறது. பவர் கேபிளை மானிட்டரின் கேபிளோடு மாற்றியும் பார்த்தாயிற்று. பின்பக்கச் சின்ன சுவிட்ச் ஆனில்தான் இருக்கிறது.

மெயினை அணைப்பதே இல்லை. யுபிஎஸ் எப்போதும் ஓடிக்கொண்டே இருக்கும், ராத்திரி ஷட்டவுன் மட்டும் கொடுப்பேன். இது ஏன் முக்கியம்?

ஈயப்பற்று:
சொல்கிறேன். ஷட்டவுன் செய்தாலும் எஸ்எம்பிஎஸ் முழுதாகத் தூங்குவதில்லை. உள்ளே ஒரு குட்டி சர்க்யூட் மெயின் இருக்கும்வரை ஓடிக்கொண்டே இருக்கும். ஊதா வயரில் 5 வோல்ட் ஸ்டாண்ட்பை வருவது அதிலிருந்துதான். போர்டு பட்டனைக் கவனித்துக்கொண்டிருப்பது இந்த 5 வோல்ட்டை வைத்துத்தான். பட்டனை அழுத்தினால் போர்டு பச்சை வயரைத் தரைக்கு, அதாவது கருப்பு வயரின் பூஜ்ய வோல்ட்டுக்கு, இழுக்கும். அதைப் பார்த்த பிறகுதான் எஸ்எம்பிஎஸ் 12, 5, 3.3 வோல்ட் எல்லாவற்றையும் திறந்து விடும். ஸ்டாண்ட்பை படுத்துவிட்டால் மற்றவை எவ்வளவு நன்றாக இருந்தும் பயன் இல்லை.

அந்தக் குட்டி சர்க்யூட்டில் மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் கப்பாசிட்டர்கள் வருடக்கணக்காகச் சூட்டில் வேகும். உங்களுடையது இருபத்து நான்கு மணி நேரமும் ஓடியது. சூடாக ஓடிக்கொண்டிருக்கும்வரை வயதான கப்பாசிட்டர் எப்படியோ சமாளிக்கும். ஒருமுறை முழுதாக அணைந்து ஆறிவிட்டால் மறுபடி எழ முடியாது, ஏனென்றால் குளிர்ந்த நிலையில் அதன் உள்தடை இன்னும் கூடும். நீண்ட நாளாக அணைக்காத கம்ப்யூட்டர் ஒரு கரண்ட் கட்டுக்குப் பிறகு எழவில்லை என்றால் என் முதல் சந்தேகம் போர்டு மேல் விழாது.

ஒரு சந்தேகம்தான் இது, தீர்ப்பு இல்லை. மல்டிமீட்டர் இருக்கிறதா?

கணக்குப்பிள்ளை:
இவ்வளவு ஆராய்ச்சி எதற்கு? நல்ல எஸ்எம்பிஎஸ் ஒன்று வாங்கி மாட்டுங்கள். ஓடினால் முடிந்தது. ஓடாவிட்டாலும் நஷ்டமில்லை, புது போர்டுக்கும் எஸ்எம்பிஎஸ் வேண்டுமே. பதினெட்டாயிரம் கேட்கும் இடத்தில் மூவாயிரம் செலவழித்துப் பார்ப்பதில் என்ன தப்பு?

ஈயப்பற்று:
கணக்கு சரிதான், மறுக்கவில்லை. ஆனால் இருநூறு, முந்நூறு ரூபாய் மீட்டரில் தெரிகிற விஷயத்துக்கு ஏன் மூவாயிரத்தை முதலில் எடுக்க வேண்டும்? வாங்கி மாட்டியும் ஓடவில்லை என்றால் மனுஷன் மறுபடி அதே சர்வீஸ் கடைக்குத்தான் போவார்.

நெல்லைக்காரன்:
எஸ்எம்பிஎஸ் ஃபேன் வழியாக டார்ச் அடித்துப் பாருங்கள். எங்கள் ஆபீசில் பல்லி உள்ளே போய்க் கருகிக் கிடந்தது. வாடையை வைத்துத்தான் கண்டுபிடித்தோம். எறும்புக் கூடும் பார்த்திருக்கிறேன்.

அச்சுக்கூடம்:
பல்லி இல்லை, கருகல் வாடையும் இல்லை. தூசி மட்டும் தலையணைக்கு அடைக்கிற அளவு இருக்கிறது. பக்கத்து எலக்ட்ரிகல் கடையில் மஞ்சள் நிற மல்டிமீட்டர் வாங்கிவிட்டேன். என்ன அளக்க வேண்டும், எப்படி அளக்க வேண்டும் என்று சொல்லுங்கள். எனக்குக் கரண்ட் என்றால் கொஞ்சம் பயம்.

ஈயப்பற்று:
அந்தப் பயம் இருக்கட்டும், நல்லது. எஸ்எம்பிஎஸ் டப்பாவை மட்டும் திறக்காதீர்கள். நம் ஊர் 230 வோல்ட் உள்ளே போய் நேர் மின்சாரமாக மாறும்போது பெரிய கப்பாசிட்டரில் 325 வோல்ட் வரை நிற்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கொஞ்ச நேரம் நிற்கலாம். வெளியே வரும் வயர்களில் 12 வோல்ட்டுக்கு மேல் எதுவும் இல்லை, அங்கே தைரியமாக அளக்கலாம்.

மீட்டரை டிசி 20 வோல்ட் நிலையில் வையுங்கள். கருப்பு முனையை ஏதாவது ஒரு கருப்பு வயரில் வையுங்கள். பழைய ஹார்ட் டிஸ்க்குக்குப் போகும் நாலு ஓட்டை வெள்ளைக் கனெக்டர் சும்மா தொங்கினால் அதன் நடு ஓட்டை இரண்டில் ஒன்றில் சொருகிவிடலாம், கை மிச்சம். அந்தப் பெரிய 24 பின் கனெக்டர் போர்டில் மாட்டியே இருக்கட்டும். சிவப்பு முனையைக் கனெக்டரின் முதுகுப் பக்கம், ஊதா வயர் நுழையும் சந்தில் மெதுவாக இறக்குங்கள். பக்கத்து வயரில் படக்கூடாது.

5 வோல்ட்டுக்குக் கூடக்குறைய 5 சதவீதம் அனுமதி. 4.75 முதல் 5.25 வரை வந்தால் ஸ்டாண்ட்பை நலம். பிறகு அதே மாதிரி பச்சை வயரை அளக்கலாம். சும்மா இருக்கும்போது அதில் 5 வோல்ட்டுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும், பட்டனை அழுத்தினால் பூஜ்யத்துக்கு அருகில் விழ வேண்டும். விழுந்தும் ஃபேன் சுற்றவில்லை என்றால் எஸ்எம்பிஎஸ் பக்கம் அல்லது ஏதோ ஷார்ட். விழவே இல்லை என்றால் பட்டன் அல்லது போர்டு. பட்டனையும் நம்ப வேண்டாம். முன்பக்க வயர்கள் வந்து சேரும் குட்டி ஊசிகளில் பவர் சுவிட்சுக்கான இரண்டை ஸ்குரூடிரைவர் முனையால் ஒரு நொடி தொட்டு விடுங்கள். போர்டில் எழுத்து அச்சடித்திருப்பார்கள்.

முதலில் ஊதா. அது தெரியாமல் மற்றதைப் பேசிப் பிரயோஜனம் இல்லை.

ரிச்சிதெரு:
ஒரு சின்ன எச்சரிக்கை, பிறகு வந்து படிப்பவர்களுக்காக. வயர் நிறங்களை எல்லா கம்ப்யூட்டருக்கும் பொருத்திப் பார்க்காதீர்கள். வயர்களைத் தனியாகக் கழற்றி மாட்டும் புது மாடுலர் எஸ்எம்பிஎஸ் பலவற்றில் எல்லா வயரும் கருப்பு. அப்போது பின் எண்ணைத்தான் பார்க்க வேண்டும்: 24 பின்னில் 9ஆவது ஸ்டாண்ட்பை, 16ஆவது ஆன் செய்யும் கோடு, 8ஆவது மின்சாரம் சீராக இருக்கிறது என்று போர்டுக்குச் சொல்லும் பவர் குட். கம்பெனி செட்டாக வரும் சில டெஸ்க்டாப்களில் 24 பின் கனெக்டரே இருக்காது. ஏடிஎக்ஸ் 12விஓ என்ற புது முறையில் 10 பின்தான், ஸ்டாண்ட்பையும் 12 வோல்ட். அதில் 5 வோல்ட் தேடினால் கிடைக்காது.

அச்சுக்கூடம்:
அளந்துவிட்டேன். ஊதாவில் 2.9 வருகிறது. நிற்காமல் 2.7, 3.1 என்று ஆடுகிறது. காது வைத்துக் கேட்டால் எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் மெல்லிய டிக் டிக் சத்தம். அப்புறம் ஒரு விஷயம் செய்தேன், கனெக்டரைப் போர்டிலிருந்து கழற்றி அளந்தேன். 5.06! சர்வீஸ் கடைக்காரர் சொன்னது சரிதானா? போர்டு மாட்டினால்தான் விழுகிறது, அப்படியென்றால் போர்டுதானே கெட்டது?

மின்மினி:
அப்படித்தான் எனக்கும் தோன்றுகிறது. கழற்றினால் சரியான வோல்ட் வருகிறதே.

ஈயப்பற்று:
கழற்றியும் அளந்தது நல்ல வேலை. ஆனால் முடிவுக்கு அவசரம் வேண்டாம். போர்டு மாட்டியதும் வோல்ட் விழுவதற்கு இரண்டு காரணம் உண்டு. போர்டில் ஷார்ட் இருந்து அளவுக்கு மேல் இழுக்கலாம். அல்லது போர்டு நியாயமாகக் கேட்கும் கொஞ்சத்தைக்கூட எஸ்எம்பிஎஸ் தர முடியாமல் இருக்கலாம். மீட்டர் கிட்டத்தட்ட மின்னோட்டமே எடுக்காது. அதற்கு 5.06 காட்டுவது பெரிய விஷயமில்லை. காலி வண்டி மேடு ஏறுவதைப் பார்த்து பாரம் இழுக்கும் என்று சொல்ல முடியாது.

கம்பித் துண்டு சோதனைக்கும் இதே கதைதான். அதில் ஃபேன் சுற்றினால் எஸ்எம்பிஎஸ் முழுதாகச் சாகவில்லை என்று தெரியும், அதற்கு மேல் ஒன்றும் தெரியாது. அதில் ஃபேனே சுற்றாவிட்டால் அது உருப்படியான தகவல். சுற்றினால் பாதித் தகவல். பாதியை வைத்துப் பதினெட்டாயிரம் சொல்லியிருக்கிறார்.

இரண்டையும் பிரிக்க ஒரு வழி உண்டு. ரேடியோ உதிரிப் பாகக் கடையில் 10 ஓம், 10 வாட் ரெசிஸ்டர் கேளுங்கள். வெள்ளைச் சிமெண்ட் கட்டி மாதிரி இருக்கும், சில ரூபாய்தான். எஸ்எம்பிஎஸ் போர்டோடு சேராமல் தனியாக இருக்கட்டும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ரெசிஸ்டரின் ஒரு காலை ஊதாவிலும் மறு காலை கருப்பிலும் மாட்டி, கால்கள் ஒன்றோடொன்று படாமல் டேப் ஒட்டுங்கள். பிறகு கரண்ட் கொடுத்து அளங்கள். 5 வோல்ட்டை 10 ஓமால் வகுத்தால் அரை ஆம்பியர். எஸ்எம்பிஎஸ் ஸ்டிக்கரில் 5விஎஸ்பி, அதாவது 5 வோல்ட் ஸ்டாண்ட்பை, என்று ஒரு கட்டம் இருக்கும், பெரும்பாலும் 2 ஆம்பியர் அல்லது அதற்கு மேல் போட்டிருப்பார்கள். அரை ஆம்பியர் அதற்கு ஒரு வேலையே இல்லை. அங்கேயும் விழுந்தால் போர்டுக்கு இதில் சம்பந்தமில்லை. நின்றால் போர்டைச் சந்தேகிக்கலாம். ரெசிஸ்டர் சுடும், சில நொடிகளில் அளந்துவிட்டு அணைத்துவிடுங்கள்.

கணக்குப்பிள்ளை:
சரி, இது அழகான யோசனை. மூவாயிரத்தைத் திரும்பப் பாக்கெட்டில் வைக்கிறேன்.

நெல்லைக்காரன்:
ரெசிஸ்டர் கிடைக்கும்வரை சும்மா இருக்க வேண்டாம். போர்டு பக்கம் ஷார்ட் இருக்கலாம் என்றால் முன்பக்க யுஎஸ்பி வாய்களைப் பாருங்கள். பென் டிரைவைத் தலைகீழாகத் திணித்து உள்ளே உள்ள தகடுகள் வளைந்து ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும். டிடிபி கடையில் வருகிறவர் போகிறவர் எல்லாம் பென் டிரைவ் சொருகுவார்கள் அல்லவா? சில போர்டுகளில் யுஎஸ்பிக்கு ஸ்டாண்ட்பையிலிருந்தே 5 வோல்ட் போகும். முன்பக்க யுஎஸ்பி வயரைப் போர்டிலிருந்து கழற்றிவிட்டு ஊதாவை அளந்து பாருங்கள்.

ஈயப்பற்று:
நல்ல இடம். கீபோர்டு, மவுஸ், பிரின்டர் வயர் எல்லாவற்றையும் சேர்த்தே கழற்றிவிடுங்கள். லேன் வயரையும். இடி மழைக்குப் பிறகு செத்துப்போன போர்டுகளில் மின்னல் பிளக் வழியாக வராமல் லேன் வயர் வழியாக வந்த கேஸ்கள் என்னிடம் நிறைய வந்திருக்கின்றன. உங்கள் கதையில் இடி இல்லை, இருந்தாலும் கழற்றுவதற்குக் காசா பணமா?

அச்சுக்கூடம்:
ஒரு யுஎஸ்பி வாய் நிஜமாகவே வளைந்திருந்தது. வயரைக் கழற்றிவிட்டு அளந்தேன், மற்றதையும் கழற்றினேன். அதே 2.9தான். ரெசிஸ்டர் நாளை கிடைக்கும் என்கிறார்கள்.

இதோடு இன்னொன்று. பெட்டியின் பின்பக்க இரும்பைத் தொட்டால் எப்போதுமே லேசாகச் சுருக்கென்று இருக்கும். இதற்கும் அதற்கும் தொடர்பு உண்டா?

ரிச்சிதெரு:
எஸ்எம்பிஎஸ் கெட்டதால் வருவதில்லை அது. உங்கள் கடை பிளக்கில் எர்த் இல்லை. எஸ்எம்பிஎஸ்ஸின் நுழைவாயிலில் இரைச்சலை வடிகட்டச் சின்ன கப்பாசிட்டர்கள் ஃபேஸிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் பெட்டிக்குப் போகும். எர்த் இருந்தால் அந்தக் கசிவு மண்ணுக்குப் போய்விடும். இல்லாவிட்டால் பெட்டி மெயினில் பாதி அளவு வோல்ட்டில் மிதக்கும், மின்னோட்டம் மிகக் குறைவு என்பதால் சுருக்கோடு நிற்கிறது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைச் சரிசெய்யுங்கள். மூன்று கால் பிளக் இருக்கிறது என்பதால் எர்த் இருக்கிறது என்று அர்த்தமில்லை, எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் அந்த மூன்றாவது ஓட்டைக்குப் பின்னால் வயரே இல்லாமல் விற்கிறார்கள்.

அப்புறம், பத்திரிகை ஃபைல் அவசரம் என்றால் இந்தச் சண்டை முடியும்வரை காத்திருக்க வேண்டாம். ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி, சாட்டா யுஎஸ்பி கேபிள் வாங்கி லேப்டாப்பில் மாட்டுங்கள். டெஸ்க்டாப்பில் வரும் பெரிய 3.5 அங்குல டிஸ்க் என்றால் தனி அடாப்டரோடு வரும் கேபிளாகப் பார்த்து வாங்குங்கள், அதற்கு 12 வோல்ட் வேண்டும்.

அச்சுக்கூடம்:
இது யாருமே சொல்லவில்லை சார், உயிர் வந்தது. தம்பி லேப்டாப்பில் மாட்டி ஃபைல் எல்லாம் எடுத்தாயிற்று.

பக்கத்துவீடு:
இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். என்னுடையதும் ஆன் ஆகவில்லை. பட்டனை அழுத்தினால் ஃபேன் ஒரு சுற்று சுற்றி நின்றுவிடுகிறது. நானும் ஊதா வயரை அளக்க வேண்டுமா?

ஈயப்பற்று:
ஃபேன் ஒரு சுற்று சுற்றுகிறது என்றால் ஸ்டாண்ட்பை, பட்டன், பச்சை வயர் மூன்றும் வேலை செய்கின்றன. கிளம்பிய பிறகு ஏதோ ஒன்று ஷார்ட்டாகி எஸ்எம்பிஎஸ் தன்னைக் காத்துக்கொள்ள அணைகிறது. டிஸ்ப்ளே கார்டு, டிஸ்க், டிவிடி எல்லாவற்றின் பவரையும் கழற்றி முயலுங்கள். பிராசசருக்குப் பக்கத்தில் வரும் 4 அல்லது 8 பின் 12 வோல்ட் கனெக்டரை மட்டும் கழற்றிவிட்டு அழுத்தும்போது ஃபேன் நிற்காமல் சுற்றினால் பிராசசருக்கு மின்சாரம் தரும் பகுதியில் மாஸ்ஃபெட் என்ற குட்டி மின் சுவிட்ச் ஏதாவது ஷார்ட் ஆகியிருக்கலாம். அந்தக் கனெக்டர் இல்லாமல் கம்ப்யூட்டர் பூட் ஆகாது, சோதனைக்காக மட்டும். தனி இழை தொடங்குங்கள், இங்கே இரண்டு நோயாளியைக் கலக்க வேண்டாம்.

அச்சுக்கூடம்:
ரெசிஸ்டர் வந்தது. எஸ்எம்பிஎஸ் தனியாக, ஊதாவுக்கும் கருப்புக்கும் நடுவில் 10 ஓம். 3.2 வோல்ட்! டிக் டிக் சத்தமும் அதே மாதிரி. போர்டு மேசையில் தள்ளிக் கிடக்கிறது, ஒரு வயர்கூடத் தொடவில்லை.

ஈயப்பற்று:
அப்படியென்றால் எஸ்எம்பிஎஸ்தான். போர்டுக்கு நற்சான்று இன்னும் கொடுக்கவில்லை, அது வேறு எஸ்எம்பிஎஸ் மாட்டினால்தான் தெரியும். யாரிடமாவது இரவல் கிடைக்குமா?

அச்சுக்கூடம்:
பக்கத்து ஸ்டூடியோக்காரர் தருகிறேன் என்கிறார். ஆனால் என் போர்டு அவருடைய எஸ்எம்பிஎஸ்ஸைக் கெடுத்துவிடுமோ என்று பயப்படுகிறார்.

ஈயப்பற்று:
உருப்படியான எஸ்எம்பிஎஸ்ஸில் ஷார்ட் பாதுகாப்பு இருக்கும், கெட்ட போர்டு அதைக் கொல்வது அபூர்வம். கெட்ட எஸ்எம்பிஎஸ் நல்ல போர்டைக் கொல்வதுதான் அதிகம். அவர் மனநிம்மதிக்காக, கரண்ட் இல்லாதபோது போர்டின் 24 பின் வாயில் ஊதா, மஞ்சள், சிவப்பு வயர்கள் வரும் இடங்களுக்கும் கருப்பு வரும் இடத்துக்கும் நடுவில் மீட்டரின் பீப் நிலையில் தொட்டுப் பாருங்கள். நிற்காமல் பீப் அடித்தால் மாட்டாதீர்கள். ஆரஞ்சு வயர் இடத்தில் தடை இயல்பாகவே குறைவாக இருக்கலாம், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

அச்சுக்கூடம்:
பீப் இல்லை. இரவல் எஸ்எம்பிஎஸ்ஸை மாட்டினேன், ஊதாவில் 5.03. பட்டனை அழுத்தினேன், விண்டோஸ் வரை போய்விட்டது. தேதிகூடச் சரியாக இருக்கிறது, மின்மினி தம்பி சொன்ன பேட்டரியும் நன்றாகவே இருக்கிறது போல.

மின்மினி:
வாழ்த்துகள் அண்ணா! நானும் ஒரு 10 ஓம் வாங்கி வைக்கப் போகிறேன்.

கணக்குப்பிள்ளை:
இப்போது மூவாயிரத்தை எடுக்கலாமா? பழைய எஸ்எம்பிஎஸ்ஸைப் பிரித்துக் கப்பாசிட்டர் மாற்றினால் இருபது ரூபாயில் முடியாதா?

ஈயப்பற்று:
முடியும். நான் மாற்றுவேன், இவரை மாற்றச் சொல்ல மாட்டேன். அதோடு ஸ்டாண்ட்பை கப்பாசிட்டர் வயதானால் பக்கத்தில் உள்ளவையும் அதே வயதுதான். கடையில் தொழில் ஓடுகிற கம்ப்யூட்டருக்குப் புதிது வாங்குவதே நல்லது. தனி டிஸ்ப்ளே கார்டு இல்லாத ஐ3க்கு 400, 450 வாட் தாராளம், ஆனால் ஸ்டிக்கரில் உள்ள வாட்டை நம்பாதீர்கள். 12 வோல்ட்டில் எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். 12 வோல்ட்டில் 15 ஆம்பியர் என்றால் 180 வாட், வெளியே 450 என்று எழுதியிருந்தாலும் அதுதான் உண்மை. 5விஎஸ்பி கட்டத்தையும் ஒரு பார்வை பாருங்கள்.

அச்சுக்கூடம்:
12 வோல்ட்டில் 32 ஆம்பியர், 5விஎஸ்பி 2.5 என்று போட்டிருக்கும் ஒன்றை வாங்கிவிட்டேன், மூன்று வருட வாரண்டி. எலக்ட்ரீஷியன் நாளை எர்த் பார்க்க வருகிறார். யுபிஎஸ் பேட்டரியும் மாற்றச் சொல்லியிருக்கிறேன். ஈயப்பற்று அண்ணே, பழைய எஸ்எம்பிஎஸ் உங்களுக்கு வேண்டுமா? பார்சலில் அனுப்புகிறேன்.

ஈயப்பற்று:
அனுப்புங்கள், ஃபேன் நன்றாகச் சுற்றுகிறதாமே. தூசியைத் தட்டிவிட்டு அனுப்புங்கள்.